கையை எப்போது எடுப்பது?

எட்டு வயதுப் பையன் ஒருவனுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அறிவுசார் குறைபாடு உள்ள பையன். விரல்களும் சொன்னபடி கேட்காது. நமக்கு அது ஒரே வேலை, பொத்தானைப் போடு, அவ்வளவுதான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கவென்றே பயிற்சி பெற்ற சிறப்பாசிரியருக்கு அது ஏழு வேலை. சட்டையின் ஓரத்தை ஒரு கையால் பிடிக்க வேண்டும். மற்றக் கையின் இரண்டு விரல்களால் பொத்தானைப் பிடிக்க வேண்டும். ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும், பொத்தானைச் சாய்க்க வேண்டும், பாதி நுழைக்க வேண்டும், அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் பாதியைப் பற்ற வேண்டும், பிறகு இழுக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? முதல் படியிலிருந்து என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்தத் தொழிலில் பழகியவர்கள் பல நேரம் கடைசிப் படியிலிருந்து தொடங்குவார்கள். ஆறு படிகளை ஆசிரியரே செய்து முடித்து, பாதி வெளியே வந்த பொத்தானை இழுக்கும் வேலையை மட்டும் பையனிடம் விடுவார். அவன் இழுக்கிறான், பொத்தான் போட்டாயிற்று. முதல் நாளே வேலையை முடித்தவன் அவன்தான். அது கைவந்ததும் ஒரு படி பின்னால் போய், அங்கிருந்து அவன் செய்வான். முதல் படியிலிருந்து தொடங்கியிருந்தால் பல வாரங்களுக்கு முடிக்கும் மகிழ்ச்சி ஆசிரியருக்கே போயிருக்கும். பையனுக்கு ஒவ்வொரு நாளும் பாதியில் நின்ற வேலைதான் மிச்சம்.

அப்புறம் ஆசிரியரின் கை இருக்கிறது. ஆரம்பத்தில் பையனின் கைமேல் தன் கையை வைத்து நடத்துவார். சில நாள் கழித்து மணிக்கட்டைத் தொடுவார். பிறகு முழங்கையை லேசாகத் தட்டுவார். பிறகு தொடாமல் விரலால் காட்டுவார். பிறகு சும்மா பக்கத்தில் நிற்பார். அதற்கும் பிறகு, ஒரு நாள், அறையை விட்டு வெளியே போய்விடுவார். கையைச் சீக்கிரம் எடுத்தால் பிள்ளை தோற்றுப்போய் முயற்சியையே விட்டுவிடும். எடுக்கத் தாமதித்தால் அந்தக் கையில்லாமல் எதுவும் செய்யாத பிள்ளையாகிவிடும். எப்போது எடுப்பது என்பதைப் பயிற்சி நூல்கள் ஓரளவுதான் சொல்லும். மீதி, அந்தப் பிள்ளையை நாள்தோறும் பார்த்து, குறிப்பெடுத்துக் கண்டுபிடிப்பது.

மாற்றுத்திறனாளி மாணவர்களின் ஆசிரியர்களைக் கௌரவிப்பது பற்றி எழுத வந்துவிட்டுப் பொத்தானைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. பையன் தானாகச் சட்டை போட்டுக்கொண்டு வகுப்புக்கு வரும் அந்த நாளில் ஆசிரியர் படத்திலேயே இல்லை. விருதுக்கோ படம் வேண்டும். மேடை, கேடயம், ஆசிரியர் தோளில் சாய்ந்த குழந்தை, கைதட்டல். வேலை நன்றாக நடந்தால் ஆசிரியர் மறைந்துபோகிறார்; விழா அவரைப் பக்கத்திலேயே நிற்கவைக்கப் பார்க்கிறது. இந்தத் துறை விருதுகளில் இருக்கும் அடிப்படைச் சிக்கல் இதுதான் என்பது என் எண்ணம்.

விருது வேண்டாம் என்று சொல்லவில்லை. யுனிசெஃப் 2021ல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் கிட்டத்தட்ட 24 கோடிக் குழந்தைகள் ஏதோ ஒரு குறைபாட்டுடன் வாழ்கிறார்கள். அவர்களுக்குக் கற்பிப்பவர்கள் பொதுவாகப் பள்ளியின் ஓரத்து அறைகளில் வேலை பார்ப்பவர்கள். தேர்வு முடிவுப் பட்டியலில் அவர்கள் பெயர் வராது. அக்டோபர் 5ஆம் தேதியை உலக ஆசிரியர் நாளாக 1994 முதல் கொண்டாடுகிறார்கள். ஆசிரியர்களின் தகுநிலை குறித்து யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 1966ல் ஏற்ற பரிந்துரையின் நினைவு நாள் அது. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள், ஐ.நா. 1992ல் அறிவித்தது. சிறப்பாசிரியர் இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் நிற்பவர். இரண்டிலும் அவரை அழைப்பார்கள், இரண்டிலும் விருந்தாளி மாதிரி உட்காரவைப்பார்கள்.

பாராட்டுரைகளைக் கவனித்துக் கேட்டால் இன்னொன்று தெரியும். பொறுமை, அர்ப்பணிப்பு, தியாகம், தாயுள்ளம், சேவை: இந்த ஐந்து சொற்களை எடுத்துவிட்டால் பல உரைகளில் எதுவும் மிஞ்சாது. கணக்கு வாத்தியாரைப் பாராட்டும்போது அவருடைய பொறுமையையா முதலில் சொல்கிறோம்? பின்னத்தை எப்படிப் புரியவைத்தார் என்று சொல்கிறோம். சிறப்பாசிரியர் என்றதும் பாடம் காணாமல்போய் குணம் மட்டும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பொறுமையைப் புகழ்வதில் ஒரு மறைமுகக் குற்றச்சாட்டும் உண்டு: இந்தப் பிள்ளைகள் சகித்துக்கொள்ளப்பட வேண்டியவர்கள் என்று. மேடையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது கேட்காமலா இருக்கும்?

உலகம் முழுக்கத் தெரிந்த சிறப்பாசிரியர் ஆன் சல்லிவன். பார்வையும் கேட்பும் இல்லாத ஹெலன் கெல்லருக்குக் கற்பித்தவர். அவர் கதையிலும் இதேதான் நடந்தது. 1887 மார்ச் 3ஆம் தேதி அலபாமாவின் டஸ்கம்பியா ஊருக்கு அவர் வந்து இறங்கியபோது வயது இருபது. பார்வைக் கோளாறோடு வளர்ந்து, பாஸ்டனில் இருந்த பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் படித்து முடித்தவர். ஹெலனுக்கு இன்னும் ஏழு நிறையவில்லை. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 5ஆம் தேதி, நீரிறைக்கும் குழாயடியில் ஒரு கையில் தண்ணீர் கொட்ட, மறு கையில் அதன் பெயரை எழுத்தெழுத்தாக விரலால் எழுத, ஹெலனுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது என்பது நமக்குத் தெரிந்த கதை. நடந்ததுதான். அன்றைக்குச் சில மணி நேரத்திலேயே முப்பது புதிய சொற்களை அவள் கற்றுக்கொண்டதாகச் சல்லிவனே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அந்தக் கடிதங்களில் அற்புதம் குறைவு, தொழில் அதிகம். குழாயடிக்குப் போனதே ஒரு சிக்கலைத் தீர்க்கத்தான். குவளையும் அதில் இருக்கும் பாலும் வேறுவேறு என்பது ஹெலனுக்குப் பிடிபடவில்லை. இரண்டையும் குடிப்பது என்ற செயலோடு குழப்பிக்கொண்டாள். குவளை கையில் இருக்க, உள்ளே விழுவது வேறொன்று என்று காட்ட என்ன வழி? குவளையைக் குழாய்க்கடியில் பிடிக்கச் சொன்னார். கையில் வழிந்த தண்ணீர் மிச்சத்தைச் செய்தது. மாணவி எந்த இடத்தில் தவறுகிறாள் என்று துல்லியமாகக் கண்டுபிடித்து, அந்த ஒரு வேறுபாட்டை மட்டும் பிரித்துக் காட்டும் சூழலை அமைப்பது. கணக்கு வாத்தியார் பின்னத்தில் செய்வதும் இதுதானே?

அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவு இன்னும் பெரியது. ஹெலனின் உறவுக் குழந்தை ஒன்று, பதினைந்து மாதம் ஆனது, அங்கே இருந்தது. அதைச் சல்லிவன் உட்கார்ந்து கவனித்தார். அதற்கு யாரும் நேரம் குறித்துப் பாடம் நடத்தவில்லை. பெரியவர்கள் முழு வாக்கியங்களில் பேசினார்கள், குழந்தை தனக்குப் புரிந்ததைப் பிடித்துக்கொண்டது. அப்படியானால் ஹெலனுக்கும் மணி அடித்து ஒவ்வொரு சொல்லாகப் பாடம் எடுப்பானேன்? பாட நேரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாள் முழுக்க அவள் கையில் முழு வாக்கியங்களாகப் பேச ஆரம்பித்தார். மொழி கற்றல் பற்றிய ஒரு முறையான அவதானிப்பு இது, இருபது வயதுப் பெண் செய்தது. குழாயடி படத்துக்கு நன்றாக வரும். குழந்தையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது வராது.

இதையும் சொல்ல வேண்டும்: சல்லிவனின் விரலெழுத்து அவர் கண்டுபிடித்ததல்ல. ஹெலனுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால், 1837ல், பார்வையும் கேட்பும் இல்லாத லாரா பிரிட்ஜ்மன் என்ற ஏழு வயதுச் சிறுமி பெர்கின்ஸ் பள்ளிக்கு வந்தாள். சாவி, கரண்டி போன்ற பொருட்களில் மேடெழுத்துச் சீட்டை ஒட்டி அவளுக்குச் சொற்களைக் கற்பித்தார் அந்தப் பள்ளியின் தலைவர் சாமுவேல் கிரிட்லி ஹவ். பிறகு விரலெழுத்தையும் அவள் அங்கேதான் கற்றுக்கொண்டாள். சல்லிவன் அங்கே படித்தபோது லாரா அதே பள்ளியில் வாழ்ந்துகொண்டிருந்தார். சல்லிவன் டஸ்கம்பியாவுக்குக் கொண்டுபோன பொம்மைக்கு உடை தைத்தவரும் லாராதான். ஆக, அந்தப் பொம்மையை ஹெலன் கையில் வைத்து முதல் சொல்லை எழுதியபோது அந்த அறையில் முந்தைய தலைமுறையின் மாணவி ஒருவரும் இருந்தார் என்று சொல்லலாம்.

1904ல் ராட்க்ளிஃப் கல்லூரியில் ஹெலன் பட்டம் வாங்கினார். ஒவ்வொரு விரிவுரையிலும் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கையில் எழுதிக் காட்டியவர் சல்லிவன். பட்டம் மாணவிக்கு மட்டும். அது சரிதான், தேர்வு எழுதியவர் அவர்தானே. ஆசிரியருக்கு டெம்பிள் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தது 1932ல். டஸ்கம்பியாவில் இறங்கி 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்கு ஆண்டுகளில் அவர் இறந்துபோனார்.

தாமதம்கூடப் பரவாயில்லை. தவறான ஆளுக்கு, தவறான வேலைக்கு மரியாதை போவது அதைவிட மோசம். அதற்குக் காது கேளாதோர் கல்வியின் வரலாற்றைப் பார்த்தால் போதும்.

லாரன் க்ளேர் பிரான்ஸ்காரர், குழந்தைப் பருவத்திலிருந்தே காது கேளாதவர். பாரிஸ் காது கேளாதோர் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரானார். 1816ல் தாமஸ் கேலடெட் என்ற அமெரிக்கர் அவரைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். 52 நாள் பயணம். கப்பலில் க்ளேர் கேலடெட்டுக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுத்தார், கேலடெட் க்ளேருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். மறு ஆண்டு ஹார்ட்ஃபோர்ட் நகரில் இருவரும் பள்ளி தொடங்கினார்கள். 1858 வரை க்ளேர் அங்கே கற்பித்தார். இன்றைய அமெரிக்கச் சைகை மொழியின் வேர்களில் ஒன்று அவர் கொண்டுபோன பிரெஞ்சுச் சைகை.

க்ளேர் ஓய்வு பெற்று இருபத்திரண்டு ஆண்டு கழிந்து, 1880ல், மிலான் நகரில் காது கேளாதோர் ஆசிரியர்களின் சர்வதேச மாநாடு கூடியது. வந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் காது கேட்பவர்கள். சைகையை விட்டுவிட்டு வாய்ப்பேச்சு வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். விளைவு என்ன? நல்ல ஆசிரியர் என்பதற்கு இலக்கணமே மாறிப்போனது. யாருடைய மாணவர்கள் தெளிவாக உச்சரிக்கிறார்கள், யார் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். அந்த அளவுகோலில் காது கேளாத ஆசிரியர் எப்படித் தேறுவார்? பல நாடுகளில் அவர்கள் வகுப்பறையிலிருந்து காணாமல்போனார்கள். சைகை செய்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அந்த மாநாட்டின் வழிவந்த சர்வதேச மாநாடு 2010ல் வான்கூவர் நகரில் கூடி மிலான் தீர்மானங்களை நிராகரித்தது. நடுவில் 130 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் பாராட்டுப் பெற்ற வாய்ப்பேச்சு ஆசிரியர்களில் நல்ல மனதுக்காரர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். பொறுமைசாலிகளும்தான். என்ன கற்பித்தார், யாருக்கு அது பயன்பட்டது என்று மாணவர்களைக் கேட்காமல், பொறுமையை மட்டும் பார்த்துக் கேடயம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

லூயி பிரெய்ல் கதை கொஞ்சம் வேறு மாதிரி. அவரையும் ஆசிரியர் என்று நாம் நினைப்பதே இல்லை. பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவர், 1824ல், பதினைந்து வயதில், ஆறு புள்ளி எழுத்து முறையை ஏறக்குறைய உருவாக்கிவிட்டார். பிறகு அதே பள்ளியில் ஆசிரியரானார். அதுவரை அங்கே இருந்தவை, பார்வையுள்ளவர்கள் படிக்கும் எழுத்தையே மேடாக அச்சிட்ட கனமான புத்தகங்கள். பார்வையுள்ளவருக்கு அது அழகாகத் தெரியும். விரலுக்கு ஒவ்வொரு எழுத்தும் தடுமாற்றம். எழுதவோ வழியே இல்லை. பிரெய்லின் புள்ளிகள் விரல் நுனிக்குள் அடங்கும், கையால் குத்தி எழுதவும் முடியும். மாணவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். பள்ளி அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 1854ல், பிரெய்ல் இறந்து இரண்டு ஆண்டு கழித்து. 1952ல் அவர் உடலைப் பாரிஸின் பாந்தியன் நினைவகத்துக்குக் கொண்டுபோய் நாட்டு மரியாதையோடு வைத்தார்கள்.

க்ளேர், பிரெய்ல் இரண்டு பேரையும் அடுத்தடுத்து வைத்தால் ஒன்று தெரிகிறது. இந்தத் துறையின் தலைசிறந்த ஆசிரியர்களில் சிலர் அதே குறைபாட்டோடு வாழ்ந்தவர்கள். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டது. அதன் 24ஆம் பிரிவு கல்வி பற்றியது. சைகை மொழியும் பிரெய்லும் தெரிந்த ஆசிரியர்களை நியமிக்க நாடுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த ஆசிரியர்களில் மாற்றுத்திறனாளி ஆசிரியர்களும் சேர்த்தி என்று எழுதிவைத்திருக்கிறது. விருதுப் படங்களில் ஆசிரியர் ஒரு பக்கம், மாற்றுத்திறனாளி மறுபக்கம் என்ற பிரிப்புதான் இன்னும் தொடர்கிறது.

இந்தப் பிரிப்பை உடைத்துக் காட்டியவர்களில் ஒருவர் ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞரும் பத்திரிகையாளருமான ஸ்டெல்லா யங். சக்கர நாற்காலி பயன்படுத்தியவர். 2014ல் சிட்னியில் நிகழ்த்திய உரையில் இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னார். அவருக்குப் பதினைந்து வயதானபோது ஊர்க்காரர் ஒருவர் வந்து, சமூகச் சாதனை விருதுக்கு அவரைப் பரிந்துரைக்க விரும்புவதாகப் பெற்றோரிடம் சொன்னாராம். ரொம்ப நல்லது, ஆனால் அவள் இதுவரை எதையும் சாதிக்கவில்லையே என்றார்களாம் பெற்றோர். பள்ளிக்குப் போய்வருகிற, தொலைக்காட்சி பார்க்கிற சாதாரணப் பெண். சக்கர நாற்காலியில் அதைச் செய்ததால் விருதாம். இரண்டாவது, அவர் மெல்பர்னில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தபோது நடந்தது. சட்டப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் ஆனதும் ஒரு மாணவன் கை தூக்கி, எப்போது உங்கள் உரையை ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டான். என்ன உரை? ஊக்கமூட்டும் உரை. சக்கர நாற்காலியில் யாராவது பள்ளிக்கு வந்தால் அதற்காகத்தான் வருவார்கள் என்பது அவன் அனுபவம். பாடம் நடத்த வந்த ஆசிரியராக அவரை அவனால் பார்க்க முடியவில்லை.

பெற்றோர் சொன்னது விருதுக் குழுக்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய பதில். குறைந்த எதிர்பார்ப்பில்தான் மலிவான பாராட்டு விளைகிறது. மாணவரிடம் எதிர்பார்ப்பு குறைவாக இருந்தால் அவர் எது செய்தாலும் சாதனை. பக்கத்தில் நின்ற ஆசிரியர் எதுவும் செய்யாமலே சாதனையாளர்.

சரி, சாதனை என்று கண்ணில் எதுவுமே தெரியாத வேலையை என்ன செய்வது? இதுதான் கடினமான கேள்வி. 1800ல் தெற்குப் பிரான்சின் அவெரோன் பகுதியில் காட்டில் தனியாகத் திரிந்த பேச்சற்ற சிறுவன் ஒருவன் பிடிபட்டான். பின்னாளில் விக்டர் என்று பெயரிட்டார்கள். தேறமாட்டான் என்று பெரிய மருத்துவர்கள் கைவிட்டார்கள். ழான் இத்தார் என்ற இளம் மருத்துவர் ஐந்தாறு ஆண்டுகள் அவனுக்குக் கற்பித்தார். விக்டர் பேசக் கற்கவில்லை; சில எழுத்துகளும் சொற்களும் அடையாளம் கண்டான், அவ்வளவே. தோல்வி என்ற மனநிலையில்தான் இத்தார் நிறுத்தினார். ஆனால் அவர் எழுதிவைத்த குறிப்புகள், வடிவங்களையும் எழுத்துகளையும் தொட்டுப் பொருத்தும் பயிற்சிகள், எதுவும் வீண்போகவில்லை. அவருடைய மாணவர் எத்துவார் செகேன் அவற்றை அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான முறையாக வளர்த்தார். இருவரையும் படித்தவர் மரியா மாண்டிசோரி. 1907ல் ரோமில் அவர் தொடங்கிய ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பள்ளியில் பிள்ளைகள் தொட்டு விளையாடிய பொருட்களுக்குப் பூர்வீகம் அங்கேதான். இன்று எந்தக் குறைபாடும் இல்லாத எத்தனையோ பிள்ளைகள் விக்டரின் பாடங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

விக்டரைப் பற்றி இத்தார் எழுதியதில் ஒரு காட்சி எனக்கு மறப்பதே இல்லை. சமைத்துப் போட்டு அவனைப் பார்த்துக்கொண்டவர் மதாம் கெரேன். சாப்பாட்டு மேசையில் தட்டுகள் வைப்பது விக்டரின் வேலை. கெரேனின் கணவர் இறந்த பிறகும் அவன் வழக்கம்போல அவருக்கும் ஒரு தட்டு வைத்தான். கெரேன் அழுதுவிட்டார். விக்டர் பார்த்தான். தட்டை எடுத்து உள்ளே வைத்தான். அதற்குப் பிறகு அந்தத் தட்டை அவன் வைக்கவே இல்லை. எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் இதற்கு மதிப்பெண் போடுவது? இத்தார் நிறுத்திய பிறகும், 1828ல் விக்டர் இறக்கும் வரை, அவனோடு இருந்தவர் கெரேன்தான். சிறப்புப் பள்ளிகளில் இன்றும் அவருடைய இடத்தில் உதவியாளர்கள் இருக்கிறார்கள். கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும் வலிப்பு வந்தால் தலையைத் தாங்கிப் பிடிப்பதும் அவர்கள். ஒரே ஆசிரியருக்கு என்று விருதை வடிவமைத்தால் அவர்கள் வெளியே நிற்பார்கள். பேச்சுப் பயிற்சியாளர், உடற்பயிற்சி சிகிச்சையாளர், சிறப்பாசிரியர் சொன்னபடி கேள்வித்தாளை மாற்றித் தரும் பொது வகுப்பு ஆசிரியர் எல்லோரும்தான். குழுவுக்கு விருது என்பது மேடையில் கொஞ்சம் கூட்டமாகத் தெரியும், ஆனால் நடப்புக்கு அதுவே நெருக்கம்.

விருதைச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுப்பதும் நடக்கிறது. கேடயம் கிடைத்த ஆசிரியர் மறுநாள் அதே அறைக்குப் போகிறார். அதே முப்பது பிள்ளைகள், அதே ஒரு உதவியாளர், காலாவதியான கேட்புக் கருவி பேட்டரிகள். 1966ஆம் ஆண்டுப் பரிந்துரை இதில் தெளிவாக இருந்தது: தகுதியை மதிப்பிட்டுச் சம்பளம் நிர்ணயிக்கும் எந்த முறையையும் ஆசிரியர் அமைப்புகளைக் கலந்து, அவர்கள் ஏற்ற பிறகே கொண்டுவர வேண்டும் என்றது. யார் அளக்கிறார்கள், எதை வைத்து என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. சிறப்பாசிரியருக்கு அந்தக் கேள்வி இரட்டிப்புக் கூர்மை. எளிதில் முன்னேறும் பிள்ளைகளைக் கொண்டவர் கணக்கில் ஜெயிப்பார். பல குறைபாடுகள் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளையை ஏற்றுக்கொண்டவர் தோற்பார்.

உங்கள் பள்ளியிலோ அமைப்பிலோ இப்படி ஓர் ஆசிரியருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத நேர்ந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். முதலில் எழுதி முடியுங்கள். பிறகு பொறுமை, தியாகம், சேவை என்ற சொற்கள் வரும் வாக்கியங்களை எல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பது அரைப் பக்கத்துக்குக் குறைந்தால் அந்த வகுப்புக்குப் போய் ஒரு நாள் பின்னால் உட்காருங்கள். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருக்கிறார் என்று பாருங்கள். பேச்சு வராத பிள்ளை படப் பலகையில் விரலை வைக்கும் வரை அவர் வாயைத் திறக்காமல் இருக்கிறாரா? அலறும் பிள்ளையிடம் உடனே போகாமல், அலறலுக்கு முன்னால் என்ன நடந்தது என்று நோட்டில் குறிக்கிறாரா? போன பருவத்துக் குறிப்புக்கும் இந்தப் பருவத்துக் குறிப்புக்கும் நடுவில் எந்த வேலையில் அவர் கை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு நகர்ந்திருக்கிறது? முன்னாள் மாணவர்கள் யாராவது இருந்தால், சைகையிலோ பிரெய்லிலோ படப் பலகையிலோ, அவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வது நீங்கள் நினைத்த ஆசிரியரைப் பற்றியே இல்லாமல்கூடப் போகலாம். அப்படியானால் கடிதத்தில் பெயரை மாற்றி எழுதுங்கள்.